முப்பத்தொரு திருத்தங்கள்

கருங்கல் சந்தைக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில்
கரண்டு வந்ததும் முதலில் எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்தொன்று.

படகுக்கு அடியில் எவ்வளவு ஆழம் என்று காட்டும் மென்பொருள்.
எழுதியவர் எங்கோ குளிர்நாட்டில் இருக்கிறார்.
யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம் என்று
வாசலைத் திறந்து போட்டிருக்கிறார்.
நாங்கள் எடுத்து, கட்டி, எங்கள் பெயரை ஒட்டி
குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் அனுப்புகிறவர்கள்.
போகிற வழியில் கொஞ்சம் வெட்டுவோம்,
கொஞ்சம் சேர்ப்போம்.
எட்டு வருடமாக.

அவரிடம் பொய் சொன்னதில்லை.
சொன்னதே இல்லை, அவ்வளவுதான்.

ஒன்றாம் திருத்தம்: மீட்டர் இருந்த இடத்தில் பாகம்.
இங்கே கடலில் யாரும் மீட்டரில் ஆழம் பேசுவதில்லை.
காரணம் எழுதியிருக்கிறது, தேதி இருக்கிறது,
கையெழுத்து விஜிலா. அது நான்.
'மூலத்துக்கு அனுப்பியாயிற்றா?' என்ற கட்டத்தில் மட்டும்
ஒரு கோடு.

நாலு: கொல்லங்கோடு.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
ஊர் திரையில் கைகால் பிரிந்து கிடந்தது.
சேர்த்துவைத்தோம்.

இருபத்துமூன்றில் காரணம் இல்லை. பெயர் இல்லை.
'எடுத்துராத மக்கா' என்று ஒரே ஒரு வரி.
எடுக்கவில்லை.
ஆறு பதிப்பு மாறியது. ஒவ்வொரு முறையும்
வரிகள் இடம்பெயர, நானும் தேடிப்போய்
அதை மறுபடி ஒட்டினேன்,
என்ன ஒட்டுகிறேன் என்று தெரியாமலே.

பட்டணங்கால் சானலில் தண்ணீர் விட்டிருந்த வாரம்.
டீக்கடையில் பொதுப்பணித்துறை ரசல்ராஜ்
போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்:
"நம்பர் இருந்தாத்தான்வே அது மடை.
இல்லேன்னா அது உடைப்பு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு மேலே ஏறினேன்.

ஒரே பக்கம். முப்பத்தொரு வரிசை.
என்ன, எதற்கு, யார், எப்போதிருந்து.
வெட்கமானவற்றையும் போட்டேன்
(பதினொன்று, எங்கள் சின்னம் பெரிதாகத் தெரிவதற்கு).
இருபத்துமூன்றுக்கு நேரே நாலு கட்டத்திலும்
'தெரியாது.'
கடைமடையிலிருந்து தலைமடைக்குத் தண்ணீர் ஏறியதாக
எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.
அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.

மூன்றாம் நாள் பதில்.
பன்னிரண்டை எடுத்துக்கொள்கிறாராம்.
கொல்லங்கோட்டுக்கு நன்றியாம், படிக்கத் தெரியாதாம்,
ஆனால் இப்போது அழகாக இருக்கிறதாம்.
சின்னம் வேண்டாம். சிரித்துக்கொண்டேன்.

அதற்குக் கீழே, இரவு இரண்டு மணிக்கு, இன்னொன்று:

இருபத்துமூன்று என் பிழை.
உணரி நின்றுபோனாலும் என் நிரல்
பழைய ஆழத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.
உங்கள் ஆள் அந்த இடத்தை வெறுமையாக்கியிருக்கிறார்.
உங்கள் படகுகளுக்கு மட்டும்.

மட்டும்.
அந்தச் சொல்லை விட்டுக் கண் நகரவில்லை.
எட்டு வருடம். வேறு கடல்கள். வேறு பாறைகள்.
இருட்டில் ஒருவன் திரையைப் பார்க்கிறான்,
திரை பதினாலு என்கிறது,
பத்து நிமிடத்துக்கு முந்தைய பதினாலு.
அப்படி யாருக்காவது நடந்ததா
எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.
தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை.

பழைய சம்பளப் பட்டியலைப் புரட்டிப் பிடித்தேன்:
ஏழு மாதம் இங்கிருந்து கத்தாருக்குப் போன
பெர்க்மான்ஸ்.
"நானா எழுதினேன்? ஞாபகமே இல்லியே" என்றான்.
பின்னால் ஏதோ லாரி பின்வாங்கும் சத்தம்.
மூல நிரலில் இப்போது அவன் பெயர் இருக்கிறது,
எழுத்துப்பிழையோடு.

புதுப்பதிப்பு வந்த அன்று பதின்மூன்று கோப்புகளை அழித்தேன்.
இப்படி ஒரு சந்தோஷமான அழிப்பை
நான் அறிந்ததில்லை.
மிச்சம் பதினெட்டு.

பாகம் இன்னும் எங்களிடமே இருக்கிறது.
அதன் கோடிட்ட கட்டத்தில் எழுதியிருக்கிறேன்:
அனுப்பினோம். மறுத்தார்.
அவர் காரணம் சரி.
எங்களுடையதும்.